சாந்துக்காரி டீச்சர்

அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் அவள் முதலில் நுழைந்தது சித்தாளாகத்தான். சாந்து குழைப்பதில் கெட்டிக்காரி. அதனால் பெயரே சாந்துக்காரி என்று நிலைத்துவிட்டது. புருஷன் அங்கேயே கொத்தனார்.

பள்ளியைக் கட்டியவர் கடல் தாண்டி வந்த பாப்டிஸ்ட் மிஷனரி அம்மா. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கூரை ஏறியது, பெஞ்சு வந்தது, பிள்ளைகள்தான் வரவில்லை. தண்ணீரில் முக்கி மதம் மாற்றிவிடுவார்கள் என்று தெருவில் பேச்சு.

சாரம் பிரிக்கும் நாளில் அம்மா சாந்துக்காரியிடம் வந்தார்.

"நீங்க படிக்க வாங்க."

"நானா? ரெண்டு பொண்ணு பெத்தவம்மா நான்!"

"அவங்களையும் கூட்டிட்டு வாங்க. மூணு பேராச்சு."

சாரத்தின் மேலிருந்து புருஷன் எட்டிப் பார்த்தான். "படிக்கணும்னா தண்ணியில முங்கணுமாம்மா?"

"அது அவங்களா மனசார கேட்டாத்தான். படிக்கிறதுக்கு இந்தச் சாந்துக் கையைக் கழுவினாப் போதும்."

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள் அவள்.

மாமியார்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "நீ படிச்சிட்டா சாந்து தானா குழையுமா?" காலையில் வகுப்பு, பிறகு வேலை. சின்னவள் மடியிலேயே தூங்கிப்போவாள்; சிலேட்டைப் பிள்ளையின் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து எழுதுவாள். மதம் மாறாமல் போனபடியே திரும்பி வருகிறாளே என்று பார்த்த பக்கத்து வீட்டுக்காரி முதலில் தன் மகளை அனுப்பினாள். பிறகு தெருவே அனுப்பியது.

சில வருஷத்தில் ஆற்றுக்கு அந்தப்பக்கம் இன்னொரு பள்ளி. சின்னப்பிள்ளை வகுப்பை நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்றார் அம்மா.

"நான் சித்தாளும்மா."

"தெரியும். இந்தப் பிள்ளைங்களோட அம்மாக்களும் அதே வேலைதான். உங்களைக் கண்டா பயப்பட மாட்டாங்க."

மாமியார் இப்போது கடைவீதியில், "எங்க டீச்சர் வர நேரமாச்சு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள்.

உடம்புக்கு முடியாமல் அம்மா தாய்நாடு திரும்பினார். இத்தனை வருஷத்தில் மதம் மாறச் சொல்லி அவளிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வண்டி கிளம்பும்போது நன்றி சொல்ல வந்தவள் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"வகுப்புக்கு நேரமாகுது, போங்க" என்றார் அம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்குப் போனாள். அங்கே பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.