பிறந்த ஊர் வேறு, சொந்த ஊர் வேறு

யுத்தம் முடிந்து பினாங்குக்கு மறுபடியும் கப்பல் விட்டபோது அப்பாவிடமிருந்து கடுதாசி வந்தது. உடம்பு முன்போல இல்லை, பிள்ளையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று யாரிடமோ சொல்லி எழுதியிருந்தார். அவர் கப்பலேறியபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே போய்ச் சேர வேண்டுமே என்பதுதான் என் கவலை.

பாஸ்போர்ட்டு மனுவை விழுப்புரம் தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருவர் எழுதிக் கொடுத்தார். ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். அவர் கேட்டதெல்லாம் இங்கிலீஷில், எனக்குப் பாதி புரியவில்லை. நேட்டிவ் பிளேஸ் என்றார். விழுப்புரம் என்றேன். பெர்த் பிளேஸ் என்றார். அதற்கும் விழுப்புரம்தான் என்றேன்.

விசாரிக்க வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடம் எங்கள் தெரு உள்ளதைச் சொல்லிவிட்டது. “இங்க பொறக்கலீங்க. கைக்கொழந்தையா தூக்கிக்கினு வந்தாங்க.” மனு அங்கேயே நின்றது.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா என்னைக் கூப்பிட்டார். “ஏம்பா, சொந்த ஊருன்னா உங்க அப்பன் வூடு. பொறந்த ஊருன்னா நீ மொத மொத அழுத எடம். ரெண்டும் ஒண்ணா?”

“தப்பா எழுதினதுக்கு ஜெயிலு உண்டுங்களா?”

“அதுக்குத் தனியா மனு போடணும், போ.”

வீட்டில் கேட்டால் அம்மா சிரித்தாள். “தலைப்புள்ளைய எவளாச்சும் புருசன் வூட்ல பெத்துக்குவாளா? திண்டிவனம்டா, எங்கம்மா வூடு.”

திண்டிவனத்தில் என் பிறப்பை யாரும் பதியவில்லை. பிறந்தபோது கூட இருந்தவர் மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து அஃபிடவிட் கொடுத்தால் போதும் என்றார்கள். எனக்குப் பிரசவம் பார்த்த அம்மாள் அங்கே இன்னும் இருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“வெளிய வர்றதுக்கே பயந்துக்கினு பொழுது பூரா இழுத்தடிச்சவன். நீயா கப்பல் ஏறப்போற?”

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் கேட்டார், “அந்தக் குழந்தை இவன்தான் என்று எப்படித் தெரியும்?”

எங்களோடு வந்திருந்த என் அம்மாவை அவள் கை காட்டினாள். “அதோ அது வயித்துலேர்ந்து வந்தத வாங்கினது நானுங்க. இவன்தான்னு அது சொல்லுது. அதுக்குத் தெரியாதுங்களா?”

அவர் பேனாவை எடுத்தார். அவள் கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை முதலில் தொட்ட கை அது. சர்க்காரும், கப்பலும், கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு தேசமும் அந்த விரல் படியட்டும் என்று காத்திருந்தன. அப்படி ஒரு ஆள் எனக்கு இந்த உலகத்தில் உண்டு என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

பினாங்குத் துறைமுகத்தில் அதிகாரி திண்டிவனம் என்ற பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, என் முகத்தைப் பார்த்து, முத்திரை குத்தினார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா தடியூன்றி நின்றிருந்தார், பாதியாக இளைத்து. பாஸ்போர்ட்டை வாங்கி, பிறந்த ஊர் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தடவினார்.

“அப்பவும் நீ பொறந்து ரொம்ப நாள் கழிச்சித்தான் திண்டிவனம் வந்து பாத்தேன்,” என்றார். “அப்ப நான் வந்தேன். இப்ப நீ வந்துட்ட.”