கராஜில் தேங்காய் எண்ணெய்

சுகர் லேண்டில் எங்கள் கராஜுக்குள் கார் நுழைந்து மூன்று வருடம் ஆகிறது. அது என் மனைவியின் ராஜ்ஜியம். வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிறவள், சனிக்கிழமைகளில் ரைஃபிள் போட்டிக்குப் போகிறாள். தோட்டாக்களையும் அவளே தயார் செய்கிறாள். சுட்டபின் விரிந்துபோன பித்தளைக் கூடுகளை ஒரு எஃகு அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குமுன் மேலே 'லூப்' என்கிற மெல்லிய வழவழப்புப் பூச்சு தடவாவிட்டால் கூடு அச்சிலேயே மாட்டிக்கொள்ளும். அவள் விரல்களுக்கிடையே கூட்டை உருட்டித் தடவும் அழகை, சும்மா சொல்லக்கூடாது, பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆறு மாதம் பயிற்சி எடுத்த போட்டிக்கு முந்தின நாள் அவளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவசர அழைப்பு. அறுபது தோட்டா வேண்டும், நாற்பதுதான் தயார்.

"ஏங்க, மிச்சம் இருபது கூட்டுக்கும் லூப் பண்ணி வச்சிடுங்க. வந்து பிரஸ் பண்ணிக்கிறேன்."

அவளே கலந்து வைத்திருந்த பாட்டிலில் லானோலின் என்று எழுதியிருந்தது. போனில் தேடினேன். ஆட்டு ரோமத்துக் கொழுப்பாம்! நான் கேக்கில் முட்டை இருக்கிறதா என்று மூன்று முறை விசாரிக்கிற ஆசாமி. எண்ணெய் எண்ணெய்தானே என்று, சமையலறையிலிருந்த வாசனையில்லாத தேங்காய் எண்ணெயைத் தடவி வைத்தேன்.

சாயங்காலம் அவள் வந்து அழுத்திய முதல் கூடே அச்சில் மாட்டிக்கொண்டது. இழுத்ததில் அதன் விளிம்பு பிய்ந்ததுதான் மிச்சம். இருப்பது ஒரே அச்சு.

"எதைத் தடவினீங்க?"

"நீ குடுத்ததைத்தான்."

அவள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "அப்போ என் மிக்ஸிங்லதான் தப்பு. இத்தனை வருஷமா கை பழகியும் கோட்டை விட்டுட்டேன் பாருங்க." மொத்தத்தையும் குப்பையில் கொட்டப் போனாள். என்னால் தாங்க முடியவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவள் கத்தவில்லை. "அந்த ஆடு சாகலைங்க. முடி வெட்டிக்கிட்டுப் போச்சு, அவ்வளவுதான்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "போட்டி போனா போகட்டும். என் கையையே நான் சந்தேகப்பட்டேனே, அதைப் பார்த்துக்கிட்டு நின்னீங்களே?"

மறுநாள், போட்டி தொடங்கும் நேரத்தில், மாட்டிய கூட்டைத் துளையிட்டு, அச்சில் ஒரு கீறல் விழாமல் வெளியே எடுத்தாள். அப்படி ஒரு பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. மிச்சக் கூடுகளைத் துடைத்து, லானோலின் பாட்டிலோடு என் முன்னால் வைத்தாள்.

இப்போது லூப் பண்ணுவது என் வேலை. நான் கொடுக்கும் ஒவ்வொரு கூட்டையும் அவள் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் அழுத்துகிறாள்.