மணவறையில் ஒரு பல் மாநாடு

மாநாடு ஒழுங்கு செய்கிறவனுக்கு மேடை, மைக், மத்தியானச் சாப்பாடு மூன்றும்தான் உலகம். ஊரில் என்ன நடந்தாலும் காலை ஒன்பது மணிக்கு விளக்கேற்றியாக வேண்டும். இதே தொழிலில் இருக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பிள்ளைக்கு ஒரு பிறந்தநாளாவது மண்டபம் எடுத்துக் கொண்டாடியவர்களுக்கும் அந்தப் பாடு தெரியும். நாட்டில் டொலர் தீர்ந்துபோன நேரம்: பெற்றோலுக்குக் கியூ, சமையல் காஸ் இல்லை, காலிமுகத்திடல் பக்கம் ஆர்ப்பாட்டம், ஊரடங்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நாட்களில்தான் பல் டொக்டர்மாரின் இரண்டு நாள் மாநாடு என் தலையில் விழுந்தது.

பேராசிரியரின் ஆசனம்

நாங்கள் பதிந்திருந்த ஹோட்டல், ஆர்ப்பாட்டம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மாநாட்டுக்கு முதல் நாள் காலையில் கோல் எடுத்து, "வீதியை மூடிப்போட்டாங்கள், ஏலாது" என்று கைவிரித்து விட்டார்கள். ஓடித் திரிந்து வெள்ளவத்தையில் ஒரு கலியாண மண்டபம் பிடித்தேன். மண்டபம் கிடைத்தது, மேடையில் முந்தின கலியாணத்தின் மணவறையும் கூடவே கிடைத்தது. அதைக் கழற்ற வேண்டிய ஆட்கள் பஸ் இல்லாமல் வரவில்லை.

தலைமை தாங்க வந்த பேராசிரியர் யாழ்ப்பாணத்தவர், எழுபது வயது, சிரிக்க மாட்டார் என்று பெயர் எடுத்தவர். தங்கச் சரிகைத் திரைக்கும் பிளாஸ்டிக் யானைகளுக்கும் நடுவில் அவரை இருத்திவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒருதரம் சுற்றிப் பார்த்தார்.

"பரவாயில்லை தம்பி. எனக்குக் கலியாணப் பதிவு எழுத்து மட்டும்தான் நடந்தது. மணவறையில இண்டைக்குத்தான் முதன்முதலா இருக்கிறன்."

ரயிலில் வந்த புரியாணி

சாப்பாடு கொட்டாஞ்சேனைச் சமையல்காரர் பலீல் நானாவின் பொறுப்பு. விடிய எழும்பி விறகடுப்பில் சமைத்து முடித்துவிட்டார். ஆனால் வேனுக்கு எண்ணெய் இல்லை. பதினொரு மணிக்குக் கோல் எடுத்தேன், பதில் இல்லை. பன்னிரண்டுக்கும் இல்லை. டொக்டர்மார் பசியில் ஒருவரை ஒருவர் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

பன்னிரண்டரைக்கு, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையால் ஒரு சின்ன ஊர்வலம் வந்தது. முன்னுக்கு நானா, பின்னுக்கு அவருடைய ஆட்கள், ஆளுக்கொரு சட்டி. கைவண்டியில் கோட்டை ஸ்டேசனுக்குத் தள்ளி, அங்கிருந்து ரயிலில் நின்றபடியே வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்திருக்கிறார். நான் ஓடிப்போய் ஒரு சட்டியைக் கைமாற்றினேன். நானா வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"சட்டி ஒண்டும் குறையல்ல தம்பி. வாசம் மட்டும்தான் ரயிலோட அடுத்த ஸ்டேசன் தெஹிவளைக்குப் போய்ட்டு."

அவசர சேவை

இரண்டு மணிக்கு எல்லா போனும் ஒன்றாய் அடித்தது. நாலு மணியிலிருந்து ஊரடங்கு. அப்போது பேசிக்கொண்டிருந்தவர் டொக்டர் நில்மினி. சிங்களப் பிள்ளை, கொலன்னாவையில் வீடு, ஏழு மாதக் குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். நான் மேடைக்கு ஏறி விஷயத்தைச் சொன்னதும், பேச்சை அரைவாசியில் விட்டுவிட்டு இறங்கினார். அவருடைய முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

வெளியூர் ஆட்கள் பக்கத்து லொட்ஜுகளுக்கு நடந்தார்கள். ஊரின் மறுகோடியில் இருக்கிற கொலன்னாவைக்கு எப்படி நடப்பது? மண்டபத்து வாசலில் நின்ற ஆட்டோக்கார ரவி, ஜிந்துப்பிட்டிக்காரன், தான் வீட்டுக்குப் போக ஒரு போத்தல் பெற்றோல் ஒளித்து வைத்திருந்தான். "பிள்ளை பசியில கிடக்குமே, ஏறுங்கோ மிஸ்" என்று அதை எடுத்து ஊற்றினான். துணைக்கு நானும் ஏறினேன்.

கிருலப்பனையில் நாலு மணிக்கு முன்னமே பொலிஸ் வீதியை மூடி மறித்தது, அவசர சேவைக்கு மட்டும்தான் வழியாம். "டொக்டர்மார் போகலாம். பல் டொக்டர் அவசர சேவையா?" என்று சார்ஜன்ட் இழுத்தார். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் வீங்கிய கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "அவசரம்தான் சேர், அவசரம்தான்" என்று முனகினார். நில்மினி அந்த நிலையிலும் அவருக்கு ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். சார்ஜன்ட் தடையைத் தூக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, என் தொழிலைக் கேட்டார். நான் பதில் சொன்னதும் அவர் சிங்களத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"டொக்டர் போகட்டும், டிரைவர் போகட்டும். மாநாடு நடத்துறது அவசர சேவை இல்லை, நீ இறங்கித் திரும்பி நட."

ஐந்தரை மணிக் கோல்

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்க மண்டபத்துக்குள் வந்து விழுந்தேன். அதன் பிறகு போனை மேசையில் வைத்து அதையே பார்த்தபடி இருந்தேன். நாலரை. ஐந்து. நில்மினியின் போனும் இல்லை, ரவியின் போனும் இல்லை. இரண்டு பேரையும் அனுப்பியது நான்தானே. பேராசிரியரும் லொட்ஜுக்குப் போகாமல் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார்.

ஐந்தரைக்கு அடித்தது. வழியில் இரண்டு இடத்தில் டயர் எரிந்ததால் சுற்றிப் போனார்களாம். பின்னால் குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது. நான் அப்படியே தரையில் இருந்துவிட்டேன். நில்மினி தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"அண்ணே, பிள்ளை பால் குடிச்சிட்டான், ரவி சோறு சாப்பிடுறார், இண்டைக்கு இங்கதான் நிப்பார். எனக்கு ஆறு ஸ்லைட் மிச்சம், நாளைக்கு நேரம் தருவீங்களா?"

மாநாட்டில் யார் என்ன பேசினார்கள் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்கு ஒரு சொல்லும் ஞாபகமில்லை, ஆனால் வந்தவர்கள் எல்லாரும் எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன்.