மாடி வீடு காலி

போர்டு எழுதும் பெயின்டருக்கு எழுத்து என்றால் உயிர். கடைத்தெருவில் பாதிப் பெயர்ப் பலகைகள் அவர் கைவண்ணம். போன வருடம் வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்பி வாடகைக்கு விட்டார். போர்டு எழுதக் கைவந்த அளவுக்கு வீட்டுக்காரராக இருக்க இன்னும் கைவரவில்லை.

மகள் கைக்குழந்தையோடும் மாப்பிள்ளையோடும் இங்கேயே குடிவரப் போகிறாள். அதற்குள் மாடி வேண்டும். மாடியில் இருப்பது ஒரு நர்ஸம்மா. மனைவி காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவர். அவரிடம் போய் எந்த முகத்தோடு சொல்வது?

"நோட்டீஸ் குடுக்கணும்னுதானே சொல்றாங்க? நமக்குத் தெரிஞ்ச தொழில்தான்" என்று ஒரு தகரத்தை எடுத்தார். "மாடி வீடு காலி செய்யவும்." 'காலி'க்கு நிழல் கொடுத்ததும் அது தகரத்தை அடைத்துக்கொண்டது. 'செய்யவும்' ஒரு மூலையில் எறும்பாக ஒடுங்கியது. படிக்கட்டு கேட்டில் மாட்டிவிட்டு ரசித்தார்.

நைட் டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த நர்ஸம்மாவின் காலிங்பெல் விடாமல் அடித்தது.

"வீடு காலின்னு போட்டிருக்கே, பாக்கலாமாம்மா?"

நர்ஸம்மா இறங்கி வந்து போர்டைப் பார்த்தார், மூலையையும் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் வீட்டைச் சுற்றிக் காட்டினார். கீழே பெயின்டர் காதில் ஒவ்வொன்றாக விழுந்தது.

"இந்தக் குழாய் சொட்டும், நல்லா தாளம் போடும். மழை வந்தா இந்த மூலையில பக்கெட் வச்சிடுங்க. ஹவுஸ் ஓனர் தங்கமானவர். எதைச் சொன்னாலும் 'நாளைக்குப் பாக்கறேன்'னு அன்பா சொல்வார்."

சாயந்திரம் வந்த மச்சினன் ஒரு வக்கீல். போர்டைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அத்தான், இது நோட்டீஸ் இல்ல, விளம்பரம்!"

"எழுத்து எப்படி இருக்கு, அதைச் சொல்லு."

"எழுத்துக்கு நூத்துக்கு நூறு, சட்டத்துக்கு முட்டை. அவங்க பேருக்கு, காரணத்தோட எழுதி, ஒப்பந்தத்துல உள்ள அவகாசம் குடுத்து, கையில சேர்க்கணும். அதுவரைக்கும் தண்ணிய நிறுத்தறது, பூட்டு மாத்தறது எல்லாம் கூடவே கூடாது. போகும்போது அட்வான்ஸ் திரும்பப் போகணும். அக்கா சொன்னாளே, அந்தக் குழாயும் உங்க பொறுப்பு."

"போகப் போறவங்களுக்கு எதுக்குடா குழாய்?"

"போற வரைக்கும் குளிக்க மாட்டாங்களா?"

மறுநாள் பெயின்டர் ஒரு கையில் ஸ்பேனர், மறு கையில் காகிதத்தோடு மாடியேறினார். குழாயை முடுக்கிவிட்டுத்தான் காகிதத்தை நீட்டினார்.

"பேரக்குழந்தைக்கா? இதை வாயாலயே சொல்லியிருக்கலாமேண்ணே!" என்றார் நர்ஸம்மா. "நேத்து வந்தவங்கள்ல ஒருத்தர் இடம் பத்தலைன்னு தான் இருக்கற வாடகை வீட்டைக் காலி பண்றாராம். ஆஸ்பத்திரிக்கு எதிர்லயே. போய்ப் பாத்துட்டேன், பேசியும் முடிச்சாச்சு. அங்க குழாய் சொட்டல."

பெயின்டருக்கு மூச்சு வந்தது. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடப் போன நர்ஸம்மா நிமிர்ந்தார்.

"நோட்டீஸைச் சுத்தி எதுக்குண்ணே பூ பார்டர்?"

"வெறும் காகிதமா குடுக்க மனசு வரலம்மா."