ஐம்பத்தேழு கிராம்

போளூரில் ஓர் அச்சகத்தின் காகிதக் கிடங்கில் நான் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தேன். ஜவ்வாது மலையில் எங்கள் ஊரிலிருந்து தினமும் இறங்கி ஏற முடியாது என்பதால் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். லாரியில் வரும் ரீம் கட்டுகளை, கட்டுக்கு ஐந்நூறு தாள், அடுக்க வேண்டும், மெஷினுக்குப் போகிறதை எடுத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு மேலே ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். இந்தக் கதை அவரைப் பற்றியது.

ரீம் கட்டின் மேல் ஒட்டிய சீட்டில் ஜி.எஸ்.எம் என்று ஓர் எண் இருக்கும். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. எண் கூடினால் தாள் தடிக்கும் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். அப்படியில்லை. பளபளப்பான ஆர்ட் பேப்பர் நூற்று முப்பது ஜி.எஸ்.எம் இருக்கும், தடிமனோ எண்பது ஜி.எஸ்.எம் ஜெராக்ஸ் தாள் அளவுதான். அத்தனையையும் உள்ளே நெருக்கி அழுத்தியிருக்கிறார்கள். வேறு சில தாள்கள் காற்றை வைத்துக்கொண்டு உப்பியிருக்கும். கை அதைத் தடிமன் என்று சொல்லும், தராசு ஒத்துக்கொள்ளாது. சாமை மூட்டையும் சாமை உமி மூட்டையும் ஒரே உயரத்தில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது புரியப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. தடிமனை அடர்த்தியால் பெருக்கினால் எடை. தடிமன் மாறாமல் எடை குறைந்தால் உள்ளே அடர்த்தி இல்லை என்று பொருள்.

ஒரு தனியார் பள்ளிக்குப் பயிற்சிப் புத்தகம் அடிக்கும் வேலை வந்தது. எழுபது ஜி.எஸ்.எம் மேப்லித்தோ, அதாவது பளபளப்பில்லாத வெள்ளைத் தாள், என்று பேச்சு. மேற்பார்வையாளர் இறக்கிய கட்டுகளில் சீட்டு கிழிக்கப்பட்டிருந்தது. தூக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன்.

"சார், இது எழுபது இல்ல சார். கட்டு லேசா இருக்குது."

அவர் மேஜையில் கிடந்த மைக்ரோமீட்டரை எடுத்து ஒரு தாளைக் கவ்வ வைத்துக் காட்டினார். தொண்ணூறு மைக்ரான். "எழுபதுக்கு இதான் தடிமன். போய் வேலயப் பாரு."

புத்தகம் போய்ப் பத்து நாளில் பள்ளிக்காரர் திரும்பி வந்தார். ரப்பர் போட்டு அழித்தால் தாள் ஓட்டையாகிறது என்று முதலாளி மேஜையில் ஒரு புத்தகத்தைப் போட்டார். மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்டோர்லேர்ந்து எடுத்துக் குடுத்தது இந்தப் பொண்ணுதாங்க. சீட்டப் படிக்கத் தெரியல. மலையிலேர்ந்து வர்றதுங்களுக்குக் கனம்னா இன்னா தெரியும், புளி மூட்டை தெரியும்."

பள்ளிக்காரர் சிரித்தார். முதலாளி சிரித்தார். என்னோடு தினமும் உட்கார்ந்து சாப்பிட்ட பைண்டிங் பெண்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றே போகச் சொல்லிவிட்டார்கள். மத்தியான பஸ்ஸில் மலை ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு வருடம் அப்படித் தோன்றியது. கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், சிறுதானிய உற்பத்தியாளர் குழுவில் பாக்கெட் போடும் வேலை கிடைத்தது. சாமையை அரைக் கிலோ அரைக் கிலோவாக நிறுக்கும்போதும் மனசுக்குள் அந்த ஆளிடம் பேசிக்கொண்டிருப்பேன்.

போன வருடம் எங்கள் ஊர்ப் பள்ளியில் என்னை மேலாண்மைக் குழுத் தலைவியாகப் போட்டார்கள். மகள் அங்கேதான் நான்காம் வகுப்பு. சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளை மலைப் பள்ளிகளுக்கு எழுபது ஜி.எஸ்.எம் தாளில் பயிற்சிப் புத்தகம் அடித்துக் கொடுப்பதாகச் சொன்னது. புத்தகம் சரியாக வந்து சேர்ந்ததென்று தலைமையாசிரியரும் நானும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு திங்கட்கிழமை வேன் வந்தது. முன் சீட்டிலிருந்து அந்தப் போளூர் மேற்பார்வையாளர் இறங்கினார்.

தலைக்குச் சாயம் அடித்திருந்தார். தொப்பை விழுந்திருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. இப்போது சொந்தமாக அச்சகம் வைத்திருக்கிறாராம். என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "வணக்கம் மேடம். நீங்கதான் தலைவரா? சந்தோசங்க."

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

ஒரு புத்தகத்தைப் பிரித்தேன். விரலுக்கு நன்றாகத் தடித்த தாள். மகளின் ரப்பரை வாங்கி ஓர் ஓரத்தில் நான்கு தேய்ப்புத் தேய்த்தேன். பஞ்சு பஞ்சாக எழும்பி ஓட்டை விழுந்தது. அப்போது எனக்கு வந்ததைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வேனைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை புத்தகம் வழங்கும் விழா. அறக்கட்டளையிலிருந்து ஆட்கள் வருவார்கள், அவரும் வருவார். "சார், கையெழுத்த அன்னிக்கே போட்டுக்கலாம்" என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரமாக நூறு துண்டு வெட்டினால் சரியாக ஒரு சதுர மீட்டர். நூறு துண்டும் சேர்ந்து எத்தனை கிராமோ, அதுதான் அந்தத் தாளின் ஜி.எஸ்.எம். சாமை பாக்கெட் நிறுக்கும் எங்கள் தராசு ஐம்பத்தேழு காட்டியது. யாரிடமும் சொல்லவில்லை. அந்த நான்கு நாளும் நன்றாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி முற்றத்தில் பந்தல். அறக்கட்டளையிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். அச்சகம் முதலில் கொடுத்த மாதிரிப் புத்தகத்தையும் கொண்டு வரும்படி தலைமையாசிரியர் மூலம் சொல்லியிருந்தேன். பெற்றோர் ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். என்னைப் பேசக் கூப்பிட்டதும் எழுந்தேன்.

"இந்தத் தாள் எழுபது ஜி.எஸ்.எம் இல்லைங்க" என்றேன்.

முன்வரிசையிலிருந்து அச்சகக்காரர் சிரித்த முகமாகவே எழுந்து வந்தார். பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்தார். அதைக் கொண்டு வருவார் என்று நான் வேண்டிக்கொண்டே இருந்தேன். மாதிரிப் புத்தகத்தில் ஒரு தாள், வேனில் வந்ததில் ஒரு தாள், இரண்டையும் அளந்து அந்த அம்மாளுக்குக் காட்டினார். "பாருங்க மேடம், ரெண்டும் தொண்ணூறு மைக்ரான். பாவம், அவுங்களுக்கு இதெல்லாம் தெரிய ஞாயமில்ல."

"தடிமன் சரிதான் சார். எடை போட்டுக் காட்டுங்க" என்றேன். தராசு, அடிஸ்கேல், பென்சில், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் மேஜையில் வைத்தேன். "ரெண்டு புத்தகத்திலயும் நூறு நூறு துண்டு. பத்துக்குப் பத்து. நீங்களே வெட்டுங்க. நான் வெட்டினா நம்ப மாட்டாங்க."

அறக்கட்டளை அம்மாள் தலையாட்டினார். அச்சகக்காரர் வெட்ட ஆரம்பித்தார். நான்கைந்து தாளைச் சேர்த்துப் பிடித்தபோது தடுத்தேன்.

"சேத்து வெட்டினா கோணிக்கும் சார். ஒண்ணொண்ணா வெட்டுங்க."

ஒன்றொன்றாகத்தான் வெட்டினார். யாரும் எழுந்து போகவில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. விரலில் கத்தரிக்கோல் வளையம் பதிந்து சிவந்ததைப் பார்த்தேன். தலைமையாசிரியர் ஒருமுறை, "போதுமே, இருபத்தஞ்சு துண்டு நிறுத்து நாலால பெருக்கிக்கலாமே" என்றார். கணக்கு சரிதான். அது எனக்கும் தெரியும். "நூறுன்னா யாருக்கும் சந்தேகம் வராதுங்க சார்" என்றேன்.

மாதிரிப் புத்தகத்தின் நூறு துண்டு எழுபது கிராம். வேனில் வந்தது ஐம்பத்தேழு. பின்வரிசைக்கும் கேட்கட்டும் என்று இரண்டு எண்ணையும் மைக்கில் படித்தேன். ஒரே தடிமனில் பதின்மூன்று கிராம் எப்படிக் காணாமல் போகும் என்பதையும், உமி மூட்டையைச் சொல்லி விளக்கினேன். புரிந்ததும் பந்தலில் ஒருவர் சிரித்தார், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அவர் நின்றுகொண்டிருந்தார்.

வேனில் புத்தகங்களைத் திரும்ப ஏற்றும்போது பக்கத்தில் போனேன். "போளூர்ல, ஸ்டோர்ல இருந்த பொண்ணு நான். ஞாபகம் இருக்குதா சார்?"

என் முகத்தைப் பார்த்தார். உண்மையிலேயே தேடினார். "அங்க எத்தினியோ பேரு வந்து போனாங்கம்மா. நீங்க எந்தப் பொண்ணு?"

எனக்கு அவரை அடிக்கத் தோன்றியது. பன்னிரண்டு வருடம் நான் தினமும் மனசுக்குள் பேசிக்கொண்டிருந்த ஆளின் நினைவில் நான் ஒரு நாள்கூட இருந்ததில்லை. "எந்தப் பொண்ணா இருந்தா இன்னா, கெளம்புங்க" என்றேன்.

மற்ற மலைப் பள்ளிகளிலிருந்தும் அவர் புத்தகங்கள் திரும்பி மலை இறங்கின. அறக்கட்டளை அவரிடம் வேலை கொடுப்பதை நிறுத்தியது. அதைக் கேள்விப்பட்டு வேறு இரண்டு பள்ளிகளும் நிறுத்தின. அச்சகத்தை மூடிவிட்டார் என்று ஜமுனாமரத்தூர் சந்தையில் ஒருவர் சொன்னார். எப்போது மூடினார், மெஷினை விற்றுவிட்டாரா என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

திருப்பத்தூரில் வேறொருவர் அடித்துக் கொடுத்த புத்தகம் வந்து சேர இரண்டு மாதம் ஆனது. அதுவரை பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்துப் பழைய நோட்டில் எழுதினார்கள். என் மகள் அந்த வெள்ளிக்கிழமை புத்தகம் கிடைக்குமென்று அட்டை போடப் பழுப்புத் தாள் எடுத்து வைத்திருந்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தலைமையாசிரியர் ஒருநாள் மெதுவாகக் கேட்டார்: "திங்கக்கெழமையே தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கலாமேம்மா. அப்பவே மாத்தி வாங்கியிருக்கலாம்."

"வெள்ளிக்கெழமைதான் உறுதியாச்சுங்க சார்" என்றேன்.

பொய். அவர் நம்பவில்லை என்பதும் தெரிந்தது. ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை மறுபடி வந்தால் நான்கு நாள் காத்துத்தான் இருப்பேன்.