கட்டைவிரலுக்குக் கேட்ட சத்தம்

என் மருமகன் கோகிலன் சமையலறையில் உட்கார்ந்திருக்கும்போது தண்ணீர் கொதித்துக் கேத்தல் கூவினால், வேறு யாராவதுதான் எழுந்து போய் அடுப்பை அணைக்க வேண்டும். கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் இருப்பார். கேத்தல் கூவிக்கொண்டே இருக்கும், அவர் பேப்பர் படித்துக்கொண்டே இருப்பார். வலது கட்டைவிரல் மட்டும் மேசை விளிம்பை ஒருதரம் அழுத்திவிட்டு வரும். "காதுல பஞ்சா மாப்பிள்ளை?" என்று கேட்டுச் சிரிப்பேன். அவரும் சிரிப்பார்.

பாலத்துக்கு அக்கரையில், பத்து காவான் என்கிற ஊரில், தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு நாங்கள் இருக்கிற தீவுக்கு வந்து, பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் சேர்ந்தார். மின்சுற்றுப் பலகைகளைச் சுட்டு எடுக்கிற நீள அடுப்பு ஒன்று அங்கே உண்டு. அதைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. என் மகள் நவமணியைக் கட்டியபோதும் அந்த அடுப்புதான், தலை நரைத்த பிறகும் அதே அடுப்புதான். அது நாள் முழுக்க எதற்காவது கத்துமாம். கதவு சரியாக மூடவில்லை என்று கத்தும், பலகை வரவில்லை என்று கத்தும். முதலில் பட்டனை அழுத்தி வாயை அடைப்பார்களாம். அப்புறம்தான் என்னவென்று பார்ப்பார்களாம்.

கூட வேலை செய்தவன் இமான், அவனும் அக்கரைதான், தாசேக் கெலுகோர்க்காரன். பெருநாளுக்குப் பெருநாள் எங்கள் வீட்டுக்கு மூங்கிலில் சுட்ட லெமாங் சோறு கொண்டுவருவான். ஒரு நாள் அடுப்பு கண்டபடி சூடேறிவிட்டது. அது தெரியாமல் இமான் கதவைத் திறக்க, தீ வெளியே பாய்ந்து வலது கை முழங்கை வரை வெந்துபோனது. விசாரணையில் கோகிலன் ஒரே பேச்சாகச் சொன்னார்: அலாரம் அடிக்கவே இல்லை. இயந்திரக் கோளாறு என்று முடித்துவிட்டார்கள். "அது மட்டும் அடிச்சிருந்தா இமான் கை பிழைச்சிருக்கும் அத்தை" என்று எத்தனை வருஷம் சொல்லியிருப்பார்! இமான் அதன்பிறகு எங்கள் வாசலுக்கு வரவில்லை.

தொழிற்சாலையை மூடியதும் பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில் போட்டார், தொட்டி வைத்தார், கேஸ் அடுப்பு பொருத்தினார். கேமரன் மலைக் குளிரில் அதிலேயே படுத்துத் தூங்க வேண்டும் என்பது நவமணியின் ஆசை. வாங்கின மாதமே தண்ணீர் வற்றிச் சூடேறி, எஞ்சின் தலை என்கிற மேல்மூடி வளைந்தது. அதைச் சரிசெய்து கொடுத்த மெக்கானிக் ஹஸ்ருல் அவரை மலாயில் அண்ணன் முறை வைத்து, "இன்னொரு தடவை இப்படிச் சூடேறினா என்கிட்ட கொண்டு வராதீங்க அபாங். நேரா பழைய இரும்புக் கடைதான்" என்றான்.

அதனால்தான் தனியாக ஒரு சூட்டு அலாரம் வாங்கினார். வேனிலேயே சூடு காட்டுகிற முள் ஒன்று இருக்கிறதே என்று கேட்டேன்.

"அந்த முள் தண்ணியோட சூட்டைத்தான் பாக்கும் அத்தை. தண்ணியே போயிட்டா சும்மா கீழ படுத்துக்கும். இது எஞ்சின் இரும்போட சூட்டைப் பாக்கும், ஏமாத்த முடியாது."

வளையம் போன்ற ஒரு சின்னத் தகட்டை எஞ்சின் தலையில் ஒரு போல்ட்டுக்கு அடியில் வைத்து இறுக்கினார். வயரை இழுத்து வந்து ஸ்டியரிங் பக்கத்தில் சிவப்பு எண் காட்டும் பெட்டியைப் பொருத்தினார். அதில் ஒரு பட்டன், அழுத்தினால் சத்தம் கொஞ்ச நேரம் அடங்கும். பாலிக் புலாவ் மலைப்பாதையில் ஏறிப் பார்த்தார். உச்சியில் தொண்ணூற்றைந்து டிகிரி வந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே, நூற்றுமூன்றில் கத்தும்படி வைத்தார்.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் அதே பாதையில் போனோம். நான் முன்சீட்டில், எஞ்சின் என் சீட்டுக்கு அடியில். நவமணி பின்னால் கட்டிலில். கேமரன் ஸ்ட்ராபெரி புளிக்கும், தேன் ஊற்றித்தான் தின்ன வேண்டும் என்று கோகிலன் பேசிக்கொண்டே ஓட்டினார். பாதி ஏற்றத்தில் பெட்டி கீச்சென்று கத்தியது. அவர் கட்டைவிரல் பட்டனுக்குப் போனது, சத்தம் நின்றது. ஸ்ட்ராபெரிப் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"மாப்பிள்ளை, அது கத்துச்சே!"

"எது அத்தை?"

"உங்க அலாரம்தான்."

"அடிச்சா எனக்குக் கேக்காதா?"

கண் வளைவிலேயே இருந்தது. என் சீட்டு தோசைக்கல் மாதிரி காய ஆரம்பித்தது. மறுபடி கத்தியது, மறுபடி அதே கட்டைவிரல். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"என்னங்க, ரெண்டு தடவை அடிச்சிருச்சு! நிறுத்துங்க!" என்று நவமணி பின்னாலிருந்து கத்தினாள்.

"அம்மாவும் மகளும் சேர்ந்து விளையாடாதீங்கலா."

"நிறுத்துறீங்களா, நான் குதிக்கட்டுமா?" என்று கதவுப் பிடியில் கை வைத்தேன். நான் சொன்னால் செய்வேன் என்று அவருக்குத் தெரியும். ஓரங்கட்டினார். சீட்டைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. ரப்பர் குழாய் பிளந்து தண்ணீரெல்லாம் ரோட்டோடு போயிருந்தது. வேனின் பழைய முள்ளோ நல்ல பிள்ளையாகக் கீழே படுத்துக் கிடந்தது.

"பாத்தீங்களா, அலாரம் அடிக்கவே இல்ல" என்றார் கோகிலன். இமான் விசாரணையில் சொன்ன அதே வார்த்தைகள். நவமணி என்னைப் பார்த்தாள்.

வண்டியை இழுத்துக்கொண்டு ஹஸ்ருலிடம் போனோம். அவன் பார்த்துவிட்டு, எஞ்சின் மயிரிழையில் தப்பியது என்றான். குழாயை மாற்றினான்.

"அந்த அலாரத்தைக் கழட்டிப் போடு, கெட்டுப்போச்சு" என்றார் கோகிலன்.

"சோதிச்சுப் பாத்திடலாம் அபாங்."

ஹஸ்ருல் தகட்டைக் கழற்றினான். அலாரம் கத்துகிற அளவை எண்பதுக்கு இறக்கிவிட்டு, தகட்டை ஒரு குவளை வெந்நீரில் போட்டான். கோகிலன் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். கத்தியது, கட்டைவிரல் போனது, நின்றது.

"பாத்தியா? அடிக்கல."

ஹஸ்ருல் முகத்தில் சிரிப்பு இல்லை. என்னைப் பார்த்து, "நெனெக், பாட்டி, உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். இன்னொரு தடவை கத்தியது. கட்டைவிரல் கிளம்பும்போதே அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

சத்தம் கடை முழுக்க நிறைந்தது. எதிர்க்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். கோகிலன் தன் கையைப் பார்த்தார். ஹஸ்ருல் பிடிக்குள்ளே அந்தக் கட்டைவிரல் பல்லி வால் மாதிரி துடித்துக்கொண்டிருந்தது.

"அன்னைக்கும்..." என்றார். இமான் கை வெந்த நாளைத்தான் சொல்கிறார் என்று எனக்கும் நவமணிக்கும் புரிந்தது.

"அந்தப் பட்டன் வேணாம் தம்பி, பிடுங்கிடு" என்றேன் ஹஸ்ருலிடம். பிடுங்கிவிட்டுத் தகட்டைத் திரும்ப எஞ்சினில் பூட்டினான். பட்டன் இருந்த இடத்தில் ஒரு ஓட்டைதான் மிச்சம். அளவைத் திரும்ப ஏற்ற அவன் கை நீட்டியபோது கோகிலன் தடுத்தார். எண்பதிலேயே இருக்கட்டும் என்றார்.

கிளம்பி, எஞ்சின் வழக்கமான சூட்டுக்கு வந்து எண்பதைத் தாண்டியதும் அலாரம் கத்தத் தொடங்கியது. கட்டைவிரல் போய் ஓட்டையின் விளிம்பில் உரசிவிட்டு வெறுமனே திரும்பியது. வீட்டுக்குத் திரும்புகிற முனையில் அவர் திரும்பவில்லை.

"என்னங்க, வீடு இந்தப் பக்கம்லா."

"தாசேக் கெலுகோர் போறோம்."

இமான் ஊர். பாலத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் கடல் கறுத்துக் கிடந்தது. சத்தம் மண்டைக்குள் ஆணி அடித்தது.

"அளவை ஏத்திடுங்க மாப்பிள்ளை, காது வலிக்குது."

"வலிக்கட்டும் அத்தை" என்றார். பாலம் முடிகிற வரைக்கும் அது கத்திக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் விரல் போனது, ஒவ்வொரு முறையும் அவர் அதைப் பார்த்தார்.