கண்டெடுத்தவர் பெயர்

பணி ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கத் தெரியாமல், மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய தெருக்களில் ஒரு பறவை ஆய்வு நிறுவனத்துக்காக வீடு வீடாகக் கணக்கெடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டேன். வலசை வரும் பறவைகளை யார் வீட்டில் எவ்வளவு பிடித்துச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். பிடிப்பது குற்றம். ஆகவே படிவத்தில் பெயர் கிடையாது, வீட்டுக்கு ஓர் எண் மட்டும். ஆயுள் முழுக்க அரசாங்கப் படிவங்களோடு குடித்தனம் நடத்தியவன், இந்த ஏற்பாட்டை ஒவ்வொரு வாசலிலும் பெருமையாக விளக்கினேன்.

பதினேழாம் எண் வீட்டில் கணவன், மனைவி இருவருக்கும் உப்பளத்தில் கூலி வேலை. ஐப்பசியில் மழை பிடித்தால் பாத்திகள் மூழ்கிவிடும். தை வரை வேலையில்லை. பறவைகளும் அப்போதுதான் வந்து இறங்கும். கணவன் வெளியே போயிருந்தான்.

"கேஸு கீஸு வராதே சார்?" என்றாள் அவள்.

"பேரே எழுதலையேம்மா."

"அப்போ எழுதிக்கோங்க. வாரத்துல ரெண்டு நாள் வலை போடுவாரு. உள்ளான் குருவி மாட்டுச்சுன்னா எங்களுக்குக் கொழம்பு. வாத்து மாட்டுச்சுன்னா பக்கத்து வூட்டுக்கும் சேர்த்து." சிரித்தாள். "போன வாரம் ஒண்ணு கால்ல மெட்டி போட்டுக்கினு வந்துச்சு சார். கண்ணாலம் ஆன வாத்து போலக்குது."

மகளின் புத்தகப் பையை எடுத்துவந்து காட்டினாள். ஜிப்பின் பிடி உடைந்த இடத்தில் எண் பொறித்த அலுமினிய வளையம் தொங்கியது. பறவையின் பயணத்தை அறிய ஆய்வாளர்கள் பூட்டுவது. அந்த எண்ணைத் தெரிவிக்க வேண்டும் என்ற முறை எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம்.

கணவனின் பெயரைக் கேட்டேன்.

"பேரு வேணாம்னீங்களே?"

"இது வேற தாள்மா. அவருக்கு நன்றி சொல்லி லெட்டர் வரும்."

"அவருக்கா?" முகம் மலர்ந்து பெயரைச் சொன்னாள். "அந்த வாத்துக்கு எந்த ஊருன்னு தெரிஞ்சா சொல்லுங்க சார்."

அந்தத் தாளில் 'கண்டெடுத்தவர் பெயர், முகவரி' என்று ஒரு கட்டம் இருந்தது. காலிக் கட்டத்தோடு எந்தத் தாளிலும் நான் கையெழுத்திட்டதில்லை. நிரப்பினேன். 'கிடைத்த விதம்': வலையில். விதிப்படி வன அலுவலகத்துக்கு ஒரு நகல்.

ஒரு வாரத்தில் ஜீப் வந்தது. அவனையும் வலையையும் ஏற்றிக்கொண்டார்கள். சாட்சிப் பொருளென்று, மகளின் பை ஜிப்பிலிருந்து வளையத்தையும் கழற்றிக்கொண்டார்கள்.

அவனை வெளியே எடுக்க அலைந்தேன். எந்த மேசைக்கு எந்த மனு என்பது எனக்கு அத்துப்படி. எல்லா மேசையிலும் என் கையெழுத்திட்ட தாளைத்தான் திருப்பிக் காட்டினார்கள். "விவரம் ரொம்பத் தெளிவா இருக்குது சார்," என்று ஓர் இளம் அதிகாரி பாராட்டவும் செய்தார். ஜாமீன் கிடைப்பதற்குள் கார்த்திகை முடிந்துவிட்டது.

மீதி வீடுகளில் எவரும் பறவையைக் கண்ணால் கண்டதில்லை. "நாங்க கோழியே துன்றதில்ல சார்," என்றார் ஒருவர், சட்டியை மூடியபடி. எல்லாவற்றிலும் பூஜ்யம் எழுதினேன். வேட்டை குறைந்துவிட்டதாக அறிக்கை வரும்.

கடைசியாகப் பதினேழுக்குப் போனேன். அவன் என்னைப் பார்த்ததும் எழுந்து பின்பக்கம் போய்விட்டான். மகளின் பை ஜிப்பில் ஊக்கு குத்தியிருந்தது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"எந்த ஊருன்னு தெரிஞ்சுதா சார்?" என்றாள்.

நன்றிக் கடிதம், அவனிடம் சேர்க்கச் சொல்லி, முந்தின நாளே என் கைக்கு வந்திருந்தது. வாத்தின் ஊர், அதன் வயது, அவள் கணவனின் பெயர், எல்லாம் பிழையில்லாமல் இருந்தன. என் பையில்தான் இருந்தது.

"இல்லம்மா," என்றேன்.